மூச்சை அடக்கிய உடும்பு

நாவல்மரக் காட்டில் சவரி என்று ஒரு உடும்பு இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, அதுவும் தவக்காலத்து வெள்ளிக்கிழமை, அது காட்டுக்கோழி அருளாயியின் கூட்டுக்குள் தலையை விட்டு, இருந்த முட்டை அத்தனையையும் முழுங்கிவிட்டது.

அந்தக் காட்டோரத்தில் மாதா சிலை வைத்த சின்னக் கற்குகை, ஒரு மாதா கெபி உண்டு. அங்கே வந்துபோகிற சனங்களைப் பார்த்துப் பார்த்து மிருகங்களும் நாற்பது நாள் தவக்காலம் அனுசரிக்கப் பழகியிருந்தன. வெள்ளிக்கிழமை என்றால் சுத்தபோசனம். பழம், கிழங்கு, புல் தின்னலாம். கறியும் முட்டையும் வாயில் படக்கூடாது. கரடி இன்னாசிகூட அன்றைக்குக் கறையான் புற்றைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும்.

சவரிக்கு மட்டும் நாக்கு அடங்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு" என்றுதான் ஆரம்பித்தது. முட்டை விஷயத்தில் ஒன்று என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். கடைசி முட்டை தொண்டையில் இறங்கிய பிறகுதான் நிறுத்தியது.

சற்று நேரத்தில் அருளாயி திரும்பி வந்து அழுத அழுகை காடெங்கும் கேட்டது. சவரி ஓடியது. எங்கே போகிறோம் என்று பார்க்காமல் ஓடி, குன்றடியில் ஒரு பாறை இடுக்குக்குள் நுழைந்துகொண்டது.

உள்ளே ஒரே இருட்டு. "அடப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டே" என்று தன்னையே திட்டிக்கொண்டது. "அருளாயி சும்மா விடுவாளா? இன்னாசியைக் கூட்டிட்டு வருவா. அவன் ஒரு அறை விட்டா நான் சட்னி. சரி, அவங்கதான் விட்டாங்கன்னு வை. மேல ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்காரே, அவர் விடுவாரா?"

வெளியே சருகு நொறுங்கியது. பாரமான காலடி. கூடவே சின்னக் காலடி.

"வால் இழுபட்ட தடம் இங்கதான் வருது அண்ணே" என்றது அருளாயியின் குரல்.

"டேய் சவரி" என்று இன்னாசி கூப்பிட்டது. "வெளிய வாடா. காடு பத்திக்கிச்சு. எல்லாரும் ஆத்தைத் தாண்டிட்டாங்க."

சவரி அசையவில்லை. காடு பற்றிக்கொண்டதாம்! யாரிடம் கதை அளக்கிறார்கள்? வெளியே தலை நீட்டினால் மண்டையில் ஒரே போடு, அவ்வளவுதானே!

கொஞ்ச நேரத்தில் புகை உள்ளே வந்தது. சவரிக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. உடும்பு பிடிக்கிற வேட்டைக்காரர்கள் பொந்து வாயில் புகை போடுவதை அது பார்த்திருக்கிறது. "பார்த்தியா, எனக்கே புகை போடுறாங்க" என்று நடுங்கியது.

உடனே உடும்புகள் வழக்கமாகச் செய்வதைச் செய்தது. நகங்களைப் பாறையில் பதித்தது. மூச்சை நன்றாக இழுத்து அடக்கி, உடம்பை உப்ப வைத்துக்கொண்டது. இனி எந்தக் கொம்பனாலும் அதை அசைக்க முடியாது. உடும்புப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்!

இன்னாசி கையை விட்டு வாலைப் பிடித்து இழுத்தது. சவரி இன்னும் உப்பியது. பாறை விலாவை அழுத்தியது, வலியில் உயிர் போனது. ஆனாலும் விடவில்லை.

"வர மாட்டேங்கிறானே" என்றது இன்னாசி. அதன் குரலே மாறியிருந்தது. "அருளாயி, நெருப்பு மூங்கில் புதருக்கு வந்திடுச்சு. நீயாவது பறந்து போ."

"நான் போகலை" என்றது அருளாயி. இடுக்குக்குள் தலையை நுழைத்தது. "சவரி, நான் பேசுறது கேக்குதா? என் முட்டையைத் தின்னது நீதான்னு எனக்குத் தெரியும்."

சவரி கண்ணை இறுக மூடிக்கொண்டது. சரி, வந்தது முடிவு.

"அழுதேன். நீ நாசமாப் போகணும்னு சபிக்கத்தான் வாயைத் திறந்தேன்" என்று அருளாயி இருமிக்கொண்டே சொன்னது. "என்னால முடியலை. நாற்பது நாளும் ஆண்டவரே மன்னியும்னு நானும்தான் கெஞ்சிக்கிட்டிருக்கேன். எனக்கு வேணும்னு கேக்கிறதை உனக்கு இல்லைன்னு எப்படிடா சொல்லுவேன்? அவர் உன்னை எப்பவோ மன்னிச்சிருப்பார். எனக்குத்தான் கொஞ்ச நேரமாச்சு. வெளிய வா."

சவரிக்குக் கண்ணீர் முட்டியது. வர வேண்டும்போல் இருந்தது. ஆனால் பயத்தில் உடம்பு கல்லாகிவிட்டது. நகம் பிடியை விடவில்லை. அடக்கிய மூச்சு உள்ளேயே நின்றது. தானே பூட்டிய பூட்டைத் தன்னாலேயே திறக்க முடியவில்லை.

"பேசுடா" என்றது அருளாயி. "என்ன பண்ணினேன்னு உன் வாயால சொல்லு."

சொல்வதா? அதைவிட இந்தப் புகையிலேயே செத்துப்போவது மேல் என்று சவரிக்குத் தோன்றியது. ஆனால் அருளாயியின் கழுத்து இறகு சூட்டில் சுருளுவதை அது கடைக்கண் திறந்து பார்த்தது. முட்டையைத்தான் தின்றோம், இப்போது தாயையும் சாகடிக்கப் போகிறோமே என்று பதறியது.

"நான்தான் தின்னேன், அக்கா" என்று கதறியது. "பசிகூட இல்லை. ஆசைப்பட்டுத் தின்னேன். உன் பிள்ளைங்களை நான்தான் கொன்னேன்."

பேச வேண்டுமென்றால் மூச்சை விட்டுத்தானே ஆகவேண்டும்? அழ அழ உள்ளே அடக்கியதெல்லாம் வெளியேறியது. உப்பிய உடம்பு வற்றியது. நகம் தளர்ந்தது. இன்னாசி மறுபடி இழுத்தபோது சவரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழுந்தது.

வெளியே வானம் செக்கச்சிவந்து கிடந்தது. உண்மையாகவே காடு எரிந்துகொண்டிருந்தது. இன்னாசி சவரியை முதுகில் போட்டுக்கொண்டு ஓடியது. அருளாயி தாழப் பறந்து முன்னால் வழி காட்டியது. அவர்கள் ஆற்றில் இறங்கியபோது அந்தக் குன்றடி முழுவதையும் நெருப்பு மூடிவிட்டது.

அக்கரையில் சவரி தலை நிமிரவில்லை.

"இனிமே உன் முகத்தில எப்படி முழிப்பேன் அக்கா?"

"முழிச்சுத்தான் ஆகணும்" என்றது அருளாயி. "நாளைக்குப் புதுசாக் கூடு வைக்கணும். சருகு சேர்த்துக் குடு. அடுத்த முட்டைக்கு நீதான் காவல்."

"நானா? என் நாக்கை நானே நம்ப மாட்டேனே."

"அதான் வாயைத் திறக்கப் பழகிட்டியே. ஆசை வந்தா, தின்னதுக்கப்புறம் சொல்லாதே. தின்னுறதுக்கு முன்னாடி வந்து சொல்லு."

சவரி முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி அருளாயியின் முகத்தைப் பார்த்தது.

ஆண்டவரின் இரக்கம் தேடி வரும்போது, பாவத்தை உள்ளே அடக்கிக்கொள்கிறவன் தான் ஒளிந்த இடத்திலேயே சிக்கிக்கொள்கிறான். வாய் திறந்து சொல்லிவிடுகிறவன் பிழைத்துக்கொள்கிறான்.