ஓட்டை போடாத தொட்டி

கொளத்தூரில் மீன் தொட்டி கட்டுகிறவர்களில் மெர்சி என்று ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு ஒரே ஒரு சீடர், பெயர் தணிகாசலம். சீடருக்கு வயது அறுபத்தொன்று, குருவுக்கு முப்பத்தெட்டு. இதில் அவர்கள் இருவருக்கும் ஒரு சங்கடமும் கிடையாது. பார்க்கிறவர்களுக்குத்தான்.

தணிகாசலம் ஒரு துணி ஆலையில் முப்பத்திரண்டு வருடம் பாய்லர் பார்த்தவர். பாய்லருக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் முதல் பாடம். கடைசிப் பாடமும் அதுவே. சாப்பாட்டுத் தூக்கைக் கூட அந்தக் குழாய்க்கு எதிரே உட்கார்ந்துதான் திறப்பார்.

ஓய்வு பெற்ற அன்று, கூட வேலை செய்தவர்கள் காசு போட்டு நாலடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி வாங்கிக் கொடுத்தார்கள். மனுஷன் இனிமேலாவது நிம்மதியாக எதையாவது பார்த்துக்கொண்டு உட்காரட்டும் என்று நினைத்திருப்பார்கள். நல்ல எண்ணம்தான்.

அதில் அவர் இரண்டு ஆஸ்கர் மீன்களை விட்டார். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஆள் அடையாளம் தெரிந்து பழகும். தின்னும் தீனிக்கும் அளவில்லை, போடும் அழுக்குக்கும் அளவில்லை. அந்த அழுக்கைச் சமாளிக்கச் சம்ப் வைக்க வேண்டும் என்றார்கள். சம்ப் என்பது மேல் தொட்டிக்கு அடியில் வைக்கிற, மீன் இல்லாத இன்னொரு தொட்டி. மேலிருந்து தண்ணீர் அதில் இறங்கி, பஞ்சிலும் கல்லிலும் வடிந்து, மோட்டார் வழியாகத் திரும்ப மேலே ஏறும்.

தண்ணீர் கீழே இறங்க, மேல் தொட்டியில் ஓட்டை போட்டுக் குழாய் சொருகுவதுதான் வழக்கம். தணிகாசலத்தின் தொட்டியோ டஃபன்ட் கண்ணாடி, சூடேற்றி இறுக்கிய ரகம். துளை போடும் மெஷினை வைத்தால் மொத்தமும் கற்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும். ஆகவே அவர் ஒரு ரப்பர் குழாயை எடுத்து, தொட்டியின் விளிம்பு மேல் வளைத்து, ஒரு முனையை மேலேயும் மறுமுனையைக் கீழேயும் போட்டு, வாயால் உறிஞ்சிவிட்டார். குழாய் இறக்கியது, மோட்டார் ஏற்றியது. இரண்டு வாரம் எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

ஒரு நாள் பகலில், அவரும் மனைவி மரகதமும் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில், கரண்ட் போனது. மோட்டார் நின்றது. ரப்பர் குழாய் நிற்கவில்லை.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது கூடம் முழுக்கத் தண்ணீர். கீழ் வீட்டு ஜரீனாவின் மெத்தைமேல் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டியில் நாலு விரல் தண்ணீரில் இரண்டு மீனும் ஒருக்களித்துப் படுத்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மீன்கள் பிழைத்துக்கொண்டன. தணிகாசலத்துக்குத்தான் அன்றைக்குப் போன உயிர் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் எங்கே போனாலும் இரண்டு மணி நேரத்தில் வீடு திரும்பினார். சேலத்தில் இருக்கும் மகன் கதிருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போகவில்லை. பெயர் வைத்தார்கள், அதற்கும் போகவில்லை. பேத்தியைப் போனில் பார்த்தார். “ஒரு நாள் அந்தத் தொட்டிய விட்டுட்டு வர முடியாதாப்பா?” என்று கதிர் மூன்று தடவை கேட்டான். நாலாவது தடவை கேட்கவில்லை. அது அவருக்கு ரொம்ப வலித்தது.

அந்த வலியோடுதான் மெர்சியின் கடைக்குப் போனார்.

“தண்ணி நிக்கவே நிக்காம ஓடணும்மா. அதுக்கு வழி சொல்லிக் குடுங்க.”

மெர்சி இரண்டு டம்ளர் எடுத்தாள். ஒன்றில் விளிம்பு வரை தண்ணீர், ஒன்றில் அடியில் கொஞ்சம். தண்ணீர் நிரப்பிய ஒரு வளைந்த குழாயின் இரண்டு முனையையும் இரண்டிலும் முக்கினாள். நிறைந்த டம்ளர் குறைந்தது, குறைந்த டம்ளர் ஏறியது. பிறகு இரண்டும் அப்படியே நின்றன.

“ஏன் நின்னுச்சு?” என்றார் தணிகாசலம்.

“சமமாயிடுச்சு சார்.”

“நான் நிக்காம ஓடணும்னு கேட்டேன்.”

“கேட்டீங்க” என்றாள் மெர்சி. டம்ளர் தண்ணீரைக் கொட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள்.

அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ஓட்டை போடாத தொட்டிக்கு ஒரு பெட்டி உண்டு என்று மெர்சி காட்டினாள். விளிம்பில் மாட்டுகிற பெட்டி, பாதி தொட்டிக்கு உள்ளே, பாதி வெளியே. உள் பாதியின் மேல் விளிம்பு சீப்புப் பல்லாக வெட்டியிருக்கும். பல்லுக்கு மேல் ஏறுகிற தண்ணீர் மட்டும் அதற்குள் வழியும். வளைந்த குழாய் ஒன்று அதை வெளிப் பாதிக்குத் தாண்டவிடும். அங்கிருந்து சம்புக்கு.

“பல்லுக்குக் கீழ இருக்கிற தண்ணி?” என்றார்.

“அது மீனுக்கு.”

அவரே அக்ரிலிக் வெட்டி, அவரே ஒட்டினார். முப்பத்திரண்டு வருடம் இரும்போடு பழகிய கை, சுத்தமாக வேலை செய்தது. கேள்விதான் ஓயவில்லை.

“குழாய்ல காத்து புகுந்து, இறங்குறது நின்னு போய், மோட்டார் மட்டும் ஏத்திட்டே இருந்தா?”

“மேல் தொட்டியில எவ்வளவு எடம் காலியா இருக்கோ, சம்ப்ல மோட்டார் இருக்கிற தடுப்புல அவ்வளவு தண்ணி மட்டும் வைங்க. ஏத்த ஒண்ணும் இல்லாம போயிடும்.”

“ரெண்டு மோட்டார் வச்சா?”

“வைங்க. ரெண்டும் நின்னா?”

“இன்வர்ட்டர் வாங்கறேன்.”

“வாங்குங்க. அதுவும் நின்னா?”

“எதைச் சொன்னாலும் நின்னா நின்னாங்கறீங்களே” என்று சலித்துக்கொண்டார்.

மோட்டார் தண்ணீரை மேலே கொண்டுபோகிற குழாயில், தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே கீழே வருகிற மாதிரி, மெர்சி பழுக்கக் காய்ச்சிய ஆணியால் ஒரு சின்னத் துளை போட்டுக் கொடுத்தாள். “வீட்ல மாட்டி ஓட விட்டதும் ஒரு தடவை நிறுத்திப் பாருங்க சார்” என்று சொல்லி அனுப்பினாள்.

அவர் மாட்டினார், ஓடவிட்டார். ஆனால் நிறுத்திப் பார்க்கவில்லை. ஓடுகிறதை எந்தப் புத்தியுள்ளவன் நிறுத்துவான்?

பேத்திக்கு ஏழாவது மாதம் காது குத்து வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, சேலத்தில். மரகதம் ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாள். வருகிறீர்களா என்று அவளும் கேட்கவில்லை. டிக்கெட்டை மட்டும் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். தணிகாசலம் மெர்சிக்குப் போன் செய்து, வீட்டுக்கு ஒரு நடை வரும்படி கெஞ்சினார்.

வெள்ளிக்கிழமை காலை மெர்சி வந்தாள். கதவைத் திறந்தது மரகதம்.

“வாம்மா. அவர் எழுந்திரிக்க மாட்டார், நீ உள்ள வா.”

தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பல்லில் சன்னமாக வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்கர் இரண்டும் மெர்சியைப் பார்த்து முறைத்தன.

“நல்லா பண்ணியிருக்கீங்க” என்றாள். “கடைசியா எப்போ நிறுத்தினீங்க?”

“நிறுத்தறதா? இன்வர்ட்டர் வாங்கிப் போட்டு, நாலு மாசமா ஒரு நிமிஷம் நிக்கல. பிளக்கைப் பாருங்க, டேப்பு சுத்தி வச்சிருக்கேன்.”

மெர்சி டேப்பைப் பிரித்து பிளக்கைப் பிடுங்கினாள்.

தணிகாசலம் நாற்காலியோடு சாய்ந்தார் என்றே சொல்லலாம். மோட்டார் சத்தம் அடங்கியது. தொட்டித் தண்ணீர் பல்லின் அடிமட்டத்துக்கு இறங்கியதும், பெட்டிக்குள் வழிவது மெர்சி சொன்னபடி நின்றது. ஆனால் தொட்டித் தண்ணீர் நிற்கவில்லை. பல்லுக்குக் கீழேயும் இறங்கிக்கொண்டே போனது. மேலே ஏற்றுகிற குழாய் இப்போது தண்ணீரைத் திருப்பிக் கீழே உறிஞ்சிக்கொண்டிருந்தது. சம்பில் தண்ணீர் விளிம்பை நோக்கி ஏறியது.

“போடும்மா, பிளக்கைப் போடும்மா” என்று எழுந்து ஓடினார்.

மெர்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். குனிந்து அந்தக் குழாயைப் பார்த்தாள். தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, குழாயின் சின்னத் துளையிலிருந்து எதையோ நெம்பி எடுத்தாள். உஸ்ஸென்று ஒரு சத்தம். இறங்கிய தண்ணீர் அந்த இடத்திலேயே நின்றது. சம்பின் விளிம்புக்கு இன்னும் ஒரு விரல் மிச்சம் இருந்தது.

அவள் கையில் ஊறிப்போன ஒரு தீக்குச்சித் துண்டு.

“இதை யார் வச்சது?”

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். “பாய்லர்ல ஓட்டை இருந்தா அடைப்போம்மா.”

“இது யாருக்காகப் போட்ட ஓட்டை தெரியுமா?”

“யாருக்கு?”

“நீங்க இல்லாத நேரத்துக்கு.”

மெர்சி பிளக்கை மாட்டினாள். மோட்டார் முனகிக்கொண்டு எழுந்தது. தண்ணீர் ஏறியது, பல்லைத் தொட்டது, வழிந்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடத் தொடங்கியது.

“இப்போ நீங்க நிறுத்துங்க சார்.”

நிறுத்தினார். தண்ணீர் ஒரு விரல் அளவு இறங்கி, துளையில் உஸ்ஸென்று காற்று புகுந்து, நின்றது. சம்பில் இன்னும் ஒரு சாண் இடம் இருந்தது. மறுபடி போட்டார், ஓடியது. மறுபடி நிறுத்தினார், அதே இடத்தில் நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வருடத்துக்கு மேலாக அவர் இந்தத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்தது இந்த ஒரு விரல் தண்ணீருக்காக. சிரிப்பும் வந்தது. போட்டார், நிறுத்தினார், போட்டார், நிறுத்தினார். மொத்தம் பதினோரு தடவை. போதும் என்று மெர்சி சொல்லவில்லை. மரகதம்தான் காபியோடு வந்து, “மோட்டார் எரிஞ்சிடப் போவுது, விடுங்க” என்றாள்.

சனிக்கிழமை தணிகாசலம் ரயில் ஏறினார். அரக்கோணம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜோலார்பேட்டையில் ஒரு வடை சாப்பிட்டார். சேலம் ஸ்டேஷனுக்குக் கதிர் வந்திருந்தான். அப்பாவைப் பார்த்ததும் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காது குத்து முடிந்தது. குழந்தை தாய்மாமன் மடியில் வீடே அதிர அழுதது. பந்தி முடிந்து, கூட்டம் கலைந்து, இன்னும் அழுதுகொண்டிருந்த குழந்தை யார் யாரோ வாங்கிப் பார்த்தும் அடங்காமல் போகவே, கடைசியில் தாத்தாவிடம் கொடுத்தார்கள். வந்த மடி புதுசுதான். ஆனாலும் அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது.

அப்போது போன் அடித்தது. கீழ் வீட்டு ஜரீனா.

“சார், இங்க காலையிலேருந்து கரண்ட் இல்ல. உங்க வீட்ல ஏதோ கீ கீன்னு கத்திட்டே இருந்துச்சு. இப்போ அதுவும் நின்னு போச்சு. சொல்லலாமேன்னு கூப்பிட்டேன்.”

இன்வர்ட்டர் செத்துவிட்டது.

“மேலேருந்து தண்ணி கிண்ணி சொட்டுதாம்மா?”

“தண்ணியா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். சத்தம் நின்னுடுச்சேன்னுதான் கூப்பிட்டேன்.”

ஜரீனா வைத்துவிட்டாள். அவர் உடனே மெர்சியைக் கூப்பிட்டார். குழந்தை இருப்பதால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மெர்சிம்மா, கரண்ட் போயிடுச்சாம். இன்வர்ட்டரும் போயிடுச்சாம். மோட்டார் நின்னிருக்கும். ஆறு மணிக்கு ஒரு ரயில் இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?”

“இப்போ என்ன பண்ணிட்டிருக்கீங்க சார்?”

“ஒண்ணும் பண்ணலம்மா. பேத்தி மடியில தூங்குது.”

“அப்போ அசையாம உக்காந்திருங்க சார்” என்றாள். “குழந்தை முழிச்சுக்கப் போவுது.”