போதும் என்று சொல்லக் கூடாத அரண்மனை

ராஜாவின் வாயிலிருந்து வந்ததெல்லாம் சட்டமாக இருந்த அந்தக் காலத்தில், ஏழுமடை என்ற நாட்டைச் சிம்மகேது என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். அவனுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. அரண்மனைக் குளத்தில் வளர்ந்த நாற்பது வாத்துகள்தான் அவனுக்கு எல்லாம்.

அந்த அரண்மனையில் ஒரு கோணல் வழக்கம் இருந்தது. ராஜா தன் கையால் எதைக் கொடுத்தாலும் வாங்கியே தீர வேண்டும். 'போதும்' என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் சவுக்கடி. கொடுக்கிற கையை அவமதித்த குற்றமாம்!

வாத்துகளை மேய்த்தவன் சடையாண்டி. காலையில் ஊறவைத்த நெல், பகலெல்லாம் குளத்துப் பாசியும் நத்தையும், சாயங்காலம் ஆசைக்குப் பொடியாக அரிந்த கீரை, அதுவும் மொத்தக் கூட்டத்துக்கும் ஒரு கூடைதான். வாத்துகள் கொழுகொழுவென்று இருந்தன. ராஜா மகிழ்ந்துபோய் அவனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினான். அங்கேதான் பிடித்தது சனியன். மடைப்பள்ளி அதிகாரி நவநீதராயருக்கு வயிறு எரிந்தது.

"மகாராஜா வளர்க்கும் வாத்து கீரையா தின்பது? அடியேன் நெய் அதிரசம் செய்து தருகிறேன். தங்கள் திருக்கையாலேயே ஊட்டுங்கள்" என்றார் ராயர்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வாத்துக்கும் தினம் நாலு அதிரசம். சடையாண்டி பதறிப்போய், "போதும் மகாராஜா, அதுங்க வயிறு தாங்காது" என்றான். முதுகில் பன்னிரண்டு சவுக்கடி விழுந்தது.

பத்து நாளில் ஒரு வாத்து செத்தது. "மேய்ப்பவன்தான் ஏதோ செய்துவிட்டான்" என்று ராயர் ஓதினார். துக்கத்தில் இருந்த ராஜா யோசிக்கவேயில்லை. "என் வாத்தைக் கொன்ற கையை வெட்டுங்கள்!" என்று உத்தரவிட்டான். சடையாண்டியின் வலது கை போயிற்று. பாவி மனுஷன் கீரை அரிந்த கை அது.

அடுத்த மாதம் இன்னொரு வாத்து செத்தது. ராஜா மறுபடியும் அதே உத்தரவைப் போட்டான். இப்போது அவனுக்கு மிச்சமிருந்தது இடது கை ஒன்றுதான்.

வெட்டு மேடையைச் சபை நடுவிலேயே போட்டார்கள். தண்டனைக்கு முன் வீட்டார் ஒரே ஒரு கோரிக்கை வைக்கலாம். சடையாண்டியின் பெண்சாதி பொன்னுருவி முன்னே வந்தாள். ஒரு மாதமாக அவனுக்குச் சோறு பிசைந்து கொடுத்தவள் அவள். இந்தக் கையும் போனால் அவன் உயிரை வைத்திருக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

"மகாராசா, அதிரசத்துல ஒரு கெடுதலும் இல்லைன்னு ராயர் சொல்றாரு. அப்படின்னா வாத்து தின்ன கணக்குக்கு அவரும் ஒரு வேளை தின்னு காட்டட்டும். உங்க கையாலயே ஊட்டுங்க."

"அவ்வளவுதானா? இது தண்டனையா, பாக்கியம் அல்லவா!" என்று ராயர் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"கொஞ்சம் இருங்க சாமி. வாத்து எடை என்ன, உங்க எடை என்ன? தராசைக் கொண்டுவரச் சொல்லுங்க."

துலாபாரத் தராசு வந்தது. ஒரு தட்டில் ராயர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மறு தட்டில் வாத்துகளைக் கூடை கூடையாக ஏற்றினார்கள். இருபத்தெட்டாவது வாத்து ஏறியதும் தட்டுகள் சமமாயின. சபை விழுந்து விழுந்து சிரித்தது. பொன்னுருவி சிரிக்கவில்லை.

"ஒரு வாத்துக்கு நாலு. ராயருக்கு நூத்திப் பன்னெண்டு."

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துப்போயிற்று. ஊட்டத் தொடங்கினான். பத்து வரை ராயர் ருசித்தார். இருபதில் வியர்த்தார். முப்பதில் கண் பிதுங்கியது. "இன்னும் ஒன்று ராயரே" என்று ராஜா திணித்துக்கொண்டேயிருந்தான். சபையில் சிரிப்பு அடங்கிவிட்டது. முப்பத்தாறில் ராயர் தட்டிலிருந்து உருண்டு விழுந்து ராஜாவின் காலைப் பிடித்தார்.

"போதும் மகாராஜா! போதும்! செத்துப்போவேன்!"

"கேட்டீங்களா மகாராசா?" என்றாள் பொன்னுருவி. "அவருக்கு வாய் இருக்கு, சொல்லிட்டாரு. வாத்துக்குச் சொல்லத் தெரியாது. நீங்க குடுக்கக் குடுக்கத் தின்னுச்சு, செத்துச்சு. அதுக்குப் பதிலா என் புருஷன் சொன்னாரு. அவரைச் சவுக்கால அடிச்சீங்க."

வெட்டுக்காரன் நேர்மையான ஆள், உத்தரவைத் தவிர வேறொன்றும் அறியாதவன். கத்தியோடு முன்னே வந்து பணிவாகக் கேட்டான்.

"வாத்தைக் கொன்ற கையைத்தானே வெட்டச் சொன்னீர்கள் மகாராஜா? இப்போது எந்தக் கை?"

ராஜா தன் வலது கையைப் பார்த்தான். விரலெல்லாம் வெல்லப் பாகும் நெய்யும். முதல் தடவையாக அவனுக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. மெல்ல அதை வெட்டு மேடைமேல் வைத்தான்.

பொன்னுருவி அதை வெகுநேரம் பார்த்தாள். வெட்டட்டும் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

"எடுத்துக்குங்க மகாராசா" என்றாள் கடைசியில். "வெட்டின கையை வச்சு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. எங்க வீட்ல பார்த்தாச்சு. அந்தக் கை தினம் ஒரு கூடை கீரை அரியட்டும். அதுக்கு மேல ஒரு இணுக்கு வேண்டாம்."

ராஜா தலை குனிந்து சம்மதித்தான். ராயரின் பதவி பறிபோனது. வாத்துக் கொட்டிலைக் கழுவும் வேலை வந்தது. சடையாண்டிக்கு ராஜா பத்துக் காணி நன்செய் எழுதி வைத்தான். பிறகு மிச்சமிருந்த அதிரசத்தில் ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினான்.

சடையாண்டி இடது கையை நீட்டினான். ராஜாவிடம் இடது கையால் வாங்குவதா என்று சபை முணுமுணுத்தது. வேறு கை அவனுக்கு எங்கே இருக்கிறது? ராஜா அந்த உள்ளங்கையிலேயே வைத்தான். அவன் தின்று முடித்ததும் இரண்டாவதை எடுத்தான்.

சடையாண்டி ராஜாவின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"போதும்" என்றான்.

ராஜா கையை இறக்கிக்கொண்டான்.