ஆறு பேர் இருந்தும் நகராத வரிசை

முன்னொரு காலத்தில் கொன்றை நாட்டைச் செண்டாயுதன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டுவந்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் ஓர் உத்தரவு போடுவான், மாலையில் அதை மாற்றுவான், நடுவில் மீசை முறுக்குவான்.

நாட்டின் நிலம், நீர், எல்லை எல்லாம் அரண்மனை ஓலைச்சாலையில் எழுதிக் கிடந்தன. யார் வந்து கேட்டாலும் மூன்று ஓலைக்காரர்கள் பார்த்துச் சொல்வார்கள். கூட்டம் பெருகியது. அம்பலவாணர் என்ற சபைப் பெரியவர், புத்தி தன் வீட்டுச் சொத்து என்று நினைப்பவர், எழுந்தார். "இன்னும் மூன்று பேரைப் போடுவோம், பிரபு. அவர்களுக்கும் எல்லா ஓலைக்கும் பிரதி கொடுப்போம். வருகிறவர்களை ஆறு பேருக்கும் சமமாகப் பங்கிடுவோம். காத்திருப்பு பாதியாகிவிடும்."

காத்திருப்பு இரட்டிப்பானது.

சடைச்சி என்ற குடியானவப் பெண் ஐந்து நாளாக அந்த வரிசையில் நின்றாள். அவள் வயலுக்கு முறைத் தண்ணீர் என்றைக்கு என்று ஓலை பார்த்துச் சொன்னால்தான் மடைக்காரன் திறப்பான். கதிர் பால்பிடிக்கும் சமயம். இப்போது தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பதர்தான். ஆறாம் நாள் காலை நேரே சபைக்குள் நுழைந்துவிட்டாள்.

"ராசா, பழைய ஆளுங்க பாயில அடிக்கடி கேக்குற ஓலையெல்லாம் விரிச்சே கிடக்கு. குனிஞ்சு படிச்சிடுறாங்க. புது ஆளுங்களுக்கு எல்லாம் பரண்மேல கட்டா கிடக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் ஏணி ஏறி இறங்குறாங்க. அவங்ககிட்டயும் சரிபாதிப் பேரை அனுப்புனா வரிசை எப்படி நகரும்?"

அம்பலவாணர் சிரித்தார். "அப்படியானால் இன்னும் ஆறு பேரைப் போடலாம், பிரபு." இந்த மூளைக்குத்தான் சபையில் முன்வரிசை ஆசனம்.

"வாசல்ல ஆளை அனுப்புற வேலைய இன்னைக்கு ஒரு நாள் எங்கிட்ட குடுங்க ராசா. பொழுது சாயுறதுக்குள்ள வரிசை தீரலன்னா, என் முறைத் தண்ணிய நானே விட்டுடுறேன்."

பந்தயம் என்றால் ராஜாவுக்கு உயிர். சம்மதித்தான்.

சடைச்சி தன் முறையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு வாசலில் உட்கார்ந்தாள். பத்துப் பேரில் ஒருவரை மட்டும் புதியவர்களிடம் அனுப்பினாள். இறக்கிய ஓலையைத் திரும்பப் பரணில் ஏற்றாமல் பாயிலேயே விரிக்கச் சொன்னாள். பாய் நிறைய நிறைய, பத்தில் இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போனாள். உச்சிப்பொழுதுக்குப் பிறகு பழையவர், புதியவர் என்ற வித்தியாசமே தெரியவில்லை. மாலைக்குள் வாசல் வெறிச்சோடியது.

பந்தயத்தின் முடிவைப் பார்க்க ராஜாவோடு ஓலைச்சாலைக்கு வந்த அம்பலவாணர் குறுக்கிட்டார். "இது பாரபட்சம், பிரபு. தாங்கள் நியமித்தவர்களை இவள் அவமதித்துவிட்டாள். பாயில் உட்கார்ந்தவன் முதல் கேள்வியிலிருந்தே சமமாகப் பதில் சொல்ல வேண்டாமா?"

"சொல்லணும்தான் அய்யா," என்றாள் சடைச்சி. "ராசா, ஏழாவதா ஒரு வெறும் பாய் போட்டு அய்யாவையே உக்கார வைங்க. மிச்சம் இருக்குறது நான் ஒருத்திதான். என் கேள்விய அவர்கிட்டயும் மூத்த ஓலைக்காரர்கிட்டயும் ஒண்ணாக் கேக்குறேன்."

ராஜா தலையாட்டினான். அம்பலவாணர் வேறு வழியில்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். மூத்த ஓலைக்காரர் குனிந்தார், படித்தார். "நாளை விடியலில், மூன்றாம் மடை."

மடைக்காரனுக்கு உடனே ஆள் போனது. இனி ஓலைச்சாலை வாசல் சடைச்சியின் பொறுப்பு என்று ராஜா அறிவித்தான். பரண்மேல் இன்னும் தூசி பறந்துகொண்டிருந்தது.

"இதோ கிடைத்துவிடும், பிரபு," என்று தும்மலோடு ஒரு குரல் வந்தது.

"அவசரமில்லை," என்ற ராஜா காவலரிடம் திரும்பினான். "அவர் நிதானமாகத் தேடட்டும். ஏணியை எடுத்துவிடுங்கள்."