பாலத்துக்குச் சான்று

ஒன்றியத் தலைவர் குழந்தைவேலு கட்டிய பாலம் முதல் மழையிலேயே படுத்துவிட்டது. ஊர் வாயை அடைத்தார். இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் கலைக்களஞ்சியத்தில் மட்டும் ‘பாலம் இடிந்தது’ என்று ஒரு வரி; பக்கத்தில் ‘சான்று தேவை’ என்ற குறிப்பு. எழுதியவள் அவர் அலுவலகத்திலேயே டைப் அடிக்கும் பர்வீன்.

“அந்த வரியைத் தூக்கு. இல்லேன்னா உன்னைத் தூக்கிடுவேன்!”

“பேப்பர்ல வர்றதுதான் அங்க சான்று, ஐயா. ஒரு பேட்டி குடுங்க. என்ன வருதோ அப்படியே போட்டுடறேன்.”

தலைவருக்கு உச்சி குளிர்ந்தது. நிருபர்களைக் கூப்பிட்டு வடை, காபி கொடுத்து, “என் பாலம் மலை மாதிரி நிக்குது!” என்று மார்தட்டினார். அவர்கள் வடையைத் தின்ற கையோடு மலையைப் பார்க்கக் கிளம்பினார்கள்.

மறுநாள் எல்லாப் பேப்பரிலும் இடிந்த பாலம், படத்தோடு.

“என்னடி பண்ணே?” என்று அலறினார் தலைவர்.

“சொன்னபடியே போட்டுட்டேன், ஐயா. நான் தேடியும் கிடைக்காத சான்று, நீங்க கூப்பிட்டதும் வந்துடுச்சே!”