மிச்சம் பிடித்த மின்சாரம் எங்கே?

வெள்ளந்தி நாடு என்று ஒரு மாநிலம் உண்டு. வரைபடத்தில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். படம் வரைந்தவர் அந்த இடம் வரும்போது டீ குடிக்கப் போய்விட்டார். அந்த மாநிலத்தின் தலைநகரில், தலைமைச் செயலகத்துக்குப் பின்பக்கம், மின்சிக்கன இயக்ககம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. அரசாங்கம் மின்சாரத்தை வீணாக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

அதில் மொத்தமே நாலு பேர். இயக்குநர் நல்லபெருமாள். அவருக்கு அடுத்தபடி கண்காணிப்பாளர் தாயுமானவன்; துறையில் யோசிக்கும் பொறுப்பு அவருடையது. எழுத்தர் பூங்காவனம் அம்மாள். வயரிங் வேலைக்கு சூசைமாணிக்கம். இருபத்திரண்டு வருஷமாக நாலு பேரும் ஒரே அறை. மத்தியானம் நாலு டிபன் பாக்ஸையும் திறந்து நடுவில் வைத்தால், யார் வீட்டுச் சோறு யார் வயிற்றுக்குப் போகிறதென்று யாருக்கும் தெரியாது. ஒருத்தர் லீவு போட்டால் மற்ற மூவருக்கும் சாப்பாடு இறங்காது. அதனால் லீவையும் நாலு பேரும் சேர்ந்தே போடுவார்கள். அந்த நாட்களில் துறை மிக நன்றாக நடந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு கேள்வி வந்து விழுந்தது. கேட்டவர் கீழ்மாத்தூர் எம்.எல்.ஏ. அங்கயற்கண்ணி. அரசியலுக்கு வருமுன் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சராக இருந்தவர். அவர் தொகுதி ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு மின்விசிறி சுற்றவில்லை. ஏன் என்று விசாரித்தால் மின்சாரம் போதவில்லை என்றார்கள். அப்படியானால் இருக்கிற மின்சாரம் எங்கே போகிறது என்று அவர் சட்டசபையில் எழுத்துமூலமாகக் கேட்டுவிட்டார். சென்ற ஆண்டு இந்தத் துறை எவ்வளவு மின்சாரம் மிச்சம் பிடித்தது? ஆள் இல்லாதபோது தானே அணையும் நவீன விளக்குகள் நூறு வாங்கினீர்களே, அவை என்ன ஆயின?

மின்துறை அமைச்சர் கோவர்த்தனன் நல்லபெருமாளைப் போனில் பிடித்தார். வியாழக்கிழமை பத்து மணிக்குக் கேள்வி நேரம். பதில் சரியாக இல்லாவிட்டால் துறையை இழுத்து மூடி, நாலு பேரையும் நாலு இலாகாவுக்குத் தூக்கியடிப்பேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

நல்லபெருமாள் செய்தியைச் சொன்னதும் பூங்காவனம் அம்மாள் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு அழுதார். சூசைமாணிக்கம் அவரைத் தேற்றப் போய் அவரைவிட அதிகமாக அழுதார். நாலு பேருக்கும் உலகத்தில் வேறு பயமே கிடையாது, பிரிந்துபோவது ஒன்றைத் தவிர.

முதலில் அந்த நூறு விளக்குகள். அவை பத்திரமாகத்தான் இருந்தன. வந்த பெட்டியின் மேல் ‘குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்று அச்சிட்டிருந்தது. எனவே அவற்றுக்கென்று ஓர் அறையை ஒதுக்கி, நாலு ஏசி மாட்டி, ஒரு வருஷமாக ஒரு நிமிஷம்கூட அணைக்காமல் குளிர வைத்திருந்தார்கள். வாரம் ஒருமுறை பூங்காவனம் அம்மாள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு, ஜில்லென்று இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதுவார்.

இப்போது அதில் ஒன்றை எடுத்துவந்து அலுவலக அறையில் மாட்டினார்கள். கூடவே வந்த தாளைத் தாயுமானவன் மூன்று தடவை படித்தார்.

“ஆள் இல்லாத அறையில தானே அணைஞ்சுடும்னு போட்டிருக்கு சார். அணையுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

“உள்ள ஒருத்தர் இருந்து பார்த்தாத்தான் தெரியும்,” என்றார் நல்லபெருமாள்.

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. சூசைமாணிக்கத்தை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். அவர் விளக்கை முன்னால் போய்ப் பார்த்தார், பின்னால் வந்து பார்த்தார், ஸ்டூல் போட்டு ஏறியும் பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, சரக்கு மோசம் என்றார்.

தாயுமானவன் நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தார். அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டிருந்தால் ஆள் இல்லையென்று விளக்கு எப்படி நம்பும், இல்லாத மாதிரி இருக்க வேண்டாமா என்று கண்டித்து மறுபடி உள்ளே அனுப்பினார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் ஆனவருக்கு அது ஒரு கஷ்டமா? நாற்காலியில் உட்கார்ந்து வழக்கம்போல வேலை பார்த்தார். அஞ்சாவது நிமிஷம் விளக்கு அணைந்துவிட்டது.

மூன்று பேரும் கைகொட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஆனால் நல்லபெருமாளின் முகம் திடீரென்று வாடியது. வருகைப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார்.

“சூசை, மனசத் தேத்திக்க. நீ ரூம்ல இல்லப்பா.”

“இங்கதான் சார் இருந்தேன். இப்பவும் இருக்கேன்.”

“நீ இருக்கேங்கிற. மெஷின் இல்லேங்குது. மெஷின் டெண்டர்ல வந்தது. நீ எதுல வந்த?”

சூசைமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மாமா சிபாரிசில் வந்தவர். பூங்காவனம் அம்மாள்தான் குறுக்கே விழுந்து, மெஷின் பாதி நேரம் எரிந்ததே சார், அரைநாள் இருந்ததாகவாவது எழுதுங்கள் என்று கெஞ்சினார். அரைநாள் விடுப்பு என்று எழுதினார்கள். சூசைமாணிக்கம் நன்றி சொல்லி, லீவில் இருந்த அந்த அரைநாளை மரத்தடியில் போய்க் கழித்துவிட்டு வந்தார்.

அடுத்தது பெரிய கேள்வி. எவ்வளவு மிச்சம் பிடித்தோம்? அதற்காக நடந்த ஆலோசனைக் கூட்டம் காலையில் தொடங்கி டீ, வடை, மறுபடி டீ என்று நீண்டது. கடைசியில் நல்லபெருமாள்தான் வழி கண்டுபிடித்தார்.

“நம்ம வீட்ல சர்க்கரை மிச்சம் பிடிச்சா எங்க இருக்கும்?”

“டப்பாவுல சார்,” என்றார் பூங்காவனம் அம்மாள்.

“எவ்வளவுன்னு எப்படித் தெரியும்?”

“கவுத்துக் கொட்டி அளந்து பார்க்கணும்.”

“அப்ப மின்சாரத்த மிச்சம் பிடிச்சா?”

“கம்பியிலதான் சார் இருக்கணும்,” என்றார் சூசைமாணிக்கம். “வேற எங்க போயிடும்?”

அவ்வளவுதான். கம்பிக்குள் கிடக்கும் மிச்சத்தை வெளியே கொட்ட வேண்டும். கொட்டக் கொட்ட மீட்டர் எண்ணிக்கொள்ளும். தீர்ந்ததும் எழுதிக்கொண்டால் பதில் தயார். இவ்வளவு சுலபமான கணக்கை ஒரு டீச்சரம்மா தானே போட்டுக்கொள்ளாமல் நம்மைக் கேட்கிறாரே என்று தாயுமானவன் வருத்தப்பட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை கொட்ட ஆரம்பித்தார்கள். மின்விசிறி, ஏசி, தண்ணீர் மோட்டார், ஹீட்டர், எல்லாவற்றையும் போட்டார்கள். போதாதென்று நவீன விளக்குகள் நூறையும் தாழ்வாரம் முழுக்கத் தோரணமாகக் கட்டினார்கள். அங்கேதான் ஒரு சிக்கல். முன்னால் ஆள் அசையாவிட்டால் அந்த விளக்குகள் அஞ்சு நிமிஷத்தில் அணைந்துவிடும். எனவே நாலு பேரும் தாழ்வாரத்தில் இறங்கி ஆடத் தொடங்கினார்கள். நூறு விளக்குக்கு நாலு பேர் எந்த மூலைக்கு? மாடியில் இருந்த மீன்வளத் துறையிலிருந்து இருபது பேரை அலுவல் முறையில் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கினார்கள். அவர்கள் வலை வீசுகிற மாதிரி ஆடினார்கள். தாயுமானவன் கும்மி அடித்தார். நல்லபெருமாள் இயக்குநர் என்பதால் ஒரே இடத்தில் நின்று கையை மட்டும் அசைத்தார். மனு கொடுக்க வந்தவர்களும் ஏதோ விழா போலிருக்கிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள்.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு மெயினை அணைத்து, மிச்சம் ஒழுகிவிடாமல் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். புதன்கிழமையும் அதே ஆட்டம். மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது, மின்சாரம் தீர்கிற வழியைக் காணோம். நாம் இவ்வளவு சிக்கனமாகவா இருந்திருக்கிறோம் என்று நல்லபெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வியாழன் காலை ஒன்பதரைக்கும் தீரவில்லை. இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. தீராவிட்டால் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் நாலு பேரும் நாலு பக்கம். வேகமாக ஆடுங்கள் என்று பூங்காவனம் அம்மாள் கத்தினார். இருபத்துநாலு பேரும் வெறி பிடித்தாற்போல் ஆடினார்கள். சூசைமாணிக்கம் ஓடிப்போய் கேண்டீனிலிருந்து கிரைண்டர்கள் இரண்டைத் தூக்கிவந்து செருகினார். ஒன்பது ஐம்பதுக்குத் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் டமார் என்று ஒரு சத்தம். எல்லாம் நின்றது.

“தீர்ந்துடுச்சு சார்,” என்று சூசைமாணிக்கம் ஓடிவந்து நல்லபெருமாளைக் கட்டிக்கொண்டார். மீட்டரில் இந்த மூன்று நாளில் ஓடியது ஆறாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு யூனிட். ஒரு சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, நாலு பேரும் சட்டசபைக்கு ஓட்டமாக ஓடினார்கள்.

சபையிலும் மின்சாரம் இல்லை. அதே டிரான்ஸ்பார்மர்தான் அதற்கும், தலைநகரின் மற்ற அலுவலகங்களுக்கும். ஜெனரேட்டரைப் போடலாமென்றால், விளக்குகளைக் குளிர வைத்த ஏசி நின்றுவிடக் கூடாதென்று அதையும் மின்சிக்கன இயக்ககம் ஆறு மாதம் முன்பே கேட்டு வாங்கிப் போயிருந்தது. கனத்த திரைகள் போட்ட இருட்டு மண்டபத்தில் உறுப்பினர்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். மைக் செத்துக் கிடந்தது. அங்கயற்கண்ணிக்கு மட்டும் மைக் தேவைப்படவில்லை; எண்பது பிள்ளைகள் இருந்த வகுப்பை அடக்கிய குரல் அது. எவ்வளவு மிச்சம் பிடித்தீர்கள் என்று கேட்டார்.

அமைச்சர் கோவர்த்தனன் சீட்டை ஜன்னல் திரை இடுக்கில் பிடித்துப் படித்து, எண்ணைச் சொன்னார். சபை மேஜையைத் தட்டியது. சிலர் பக்கத்து ஆளைத் தட்டினார்கள்.

“அந்த மின்சாரம் இப்போது எங்கே இருக்கிறது?” என்றார் அங்கயற்கண்ணி.

அமைச்சர் அதிகாரிகளின் பக்கம் திரும்பினார். நல்லபெருமாள் எழுந்து, சொட்டு விடாமல் கொட்டிப் பார்த்துவிட்டதாகப் பணிவுடன் தெரிவித்தார்.

“கொட்டி என்றால், செலவு செய்துவிட்டீர்களா?”

“அளக்கணும்ல அம்மா.”

சரி, இந்த நிமிஷத்தில் தலைநகரில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று அங்கயற்கண்ணி கேட்டார். நல்லபெருமாள் மனதாரச் சொன்னார், பூஜ்யம் என்று. எந்த அலுவலகத்திலும் ஒரு விளக்கு எரியவில்லை, ஒரு விசிறி சுற்றவில்லை என்றார்.

சபாநாயகரே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு யூனிட்கூடச் செலவாகாத அரசாங்கத்தை இதுவரை யாராவது நடத்திக்காட்டியதுண்டா என்று அமைச்சர் முழங்கினார். மின்சாரம் எப்போது திரும்ப வரும் என்று அங்கயற்கண்ணி கேட்டபோது, சிக்கனம் கேட்ட உறுப்பினரே செலவுக்கு வழி கேட்கலாமா என்று எல்லோரும் அவரைக் கோபித்துக்கொண்டார்கள். அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. இத்தனை அருமையான துறை ஒரே ஓர் அறையில் முடங்கிக் கிடக்கலாமா? வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நாலு மண்டல அலுவலகங்கள். நாலு பேரும் ஆளுக்கொரு மண்டலத்துக்கு இயக்குநர். அலுவலகம் வைக்கும் இடத்தை அவர்களே பார்த்துக்கொள்ளலாம்.

பதவி உயர்வு ஆணையைக் கையில் வாங்கிய நாலு பேரும் சட்டசபை வாசல்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்கள். எதற்குப் பயந்தார்களோ அது மாலை மரியாதையோடு வந்துவிட்டது.

விளக்குகளெல்லாம் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டதால் ஏசியை அணைத்து அந்த அறையைப் பூட்டிவிட்டார்கள். அதனால்தானோ என்னவோ, டிரான்ஸ்பார்மரைச் சரிசெய்த மறுவாரமே கீழ்மாத்தூர் பிரசவ வார்டில் மின்விசிறி சுற்றியது. அங்கயற்கண்ணி விடவில்லை. மண்டலங்கள் எப்படி நடக்கின்றன என்று நேரில் பார்க்கக் கிளம்பினார். வடக்கு மண்டலத்தின் முகவரியைப் பார்த்தால் பழைய அறையாகவே இருந்தது.

உள்ளே போனார். வடக்குச் சுவரோரம் வடக்கு மண்டலம் என்று பலகை மாட்டிக்கொண்டு நல்லபெருமாள் உட்கார்ந்திருந்தார். தெற்குச் சுவரோரம் தெற்கு மண்டலம், அங்கே பூங்காவனம் அம்மாள். கிழக்கில் தாயுமானவன், மேற்கில் சூசைமாணிக்கம். இந்த அறையிலும் நாலு திசை இருக்கிறது என்று தாயுமானவன் திசைகாட்டி வைத்துப் பார்த்துச் சொல்லியிருந்தார். ஆனால் யாரும் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவரவர் மண்டலத்தில் இருப்பவர்கள் எப்படிப் பார்க்க முடியும்?

“மற்ற மூணு பேரும் சௌக்கியமா?” என்று நல்லபெருமாளிடம் கேட்டார் அங்கயற்கண்ணி. வேறு என்ன கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

“எங்கம்மா, பார்த்து ஒரு மாசமாச்சு,” என்று நல்லபெருமாள் மூக்கை உறிஞ்சினார். “பூங்காவனத்துக்கு ஒரு லெட்டர் போட்டேன். தபால்ல போயிக்கிட்டிருக்கு. நீங்க தெற்குப் பக்கம் போற வேலை இருந்தா, நான் கேட்டதாச் சொல்லுங்க.”

அங்கயற்கண்ணி அவரைப் பார்த்தார். நாலு எட்டுத் தள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பூங்காவனம் அம்மாளையும் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, நடந்து போய், சார் உங்களைக் கேட்டார் என்று சொன்னார்.

பூங்காவனம் அம்மாளுக்குத் தாங்கவில்லை. வடக்கேயிருந்தா வருகிறீர்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எப்படி இருக்கிறார், இளைத்துவிட்டாரா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்றெல்லாம் விசாரித்தார். டிபன் பாக்ஸைத் திறந்து, கத்தரிக்காய்க் கறியை ஒரு கிண்ணத்தில் போட்டு, இதைத் திரும்பிப் போகும்போது சாரிடம் கொடுத்துவிடுங்கள் என்றார். அப்புறம் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, வாழையிலையில் தனியாகக் கொஞ்சம் புளிசாதம் கட்டினார்.

“இது உங்களுக்கும்மா. தூரம் அதிகம், வழியில பசிக்கும்.”

அங்கயற்கண்ணி இரண்டையும் வாங்கிக்கொண்டு வடக்கே புறப்பட்டார். பாதி வழியில் நிஜமாகவே பசித்தது. அங்கேயே நின்று புளிசாதத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, மேற்கே இருந்த சூசைமாணிக்கத்திடம், வடக்கு மண்டலத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று வழி கேட்டுக்கொண்டு போனார்.