போர்டின் வலது பக்கம்

பாளையங்கோட்டையில் ஜெசிந்தாவிடம் தொழில் கற்க வந்தவர்களில் தில்லைநாயகம்தான் மூத்தவர். சீடருக்கு வயது நாற்பத்தொன்பது, குருவுக்கு முப்பத்து நான்கு. இதில் சீடருக்கு ஒரு வருத்தமும் இல்லை. இருபது வருடம் பெங்களூரில் பெரிய கம்பெனிகளுக்குப் புரோகிராம் எழுதியவர், மனைவியின் ஊரோடு வந்து சேர்ந்தபோது, ஆஸ்பத்திரிகளுக்கு எழுதுவதென்றால் ஜெசிந்தாவிடம் போங்கள் என்று நாலு பேர் சொன்னார்கள். அவரும் போனார்.

ஜெசிந்தா முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர். அதனால் அலுவலகத்தில் பதினோரு பேருக்கும் அவர் டீச்சர். தில்லைநாயகமும் டீச்சர் என்றே கூப்பிட்டார். டீச்சர் அவரை சார் என்றார்.

தில்லைநாயகத்திடம் இல்லாத கருத்து இல்லை. விண்டோஸ் பற்றிக் கேட்டால் முக்கால் மணி நேரம் பேசுவார். லினக்ஸ் பற்றிக் கேட்டால், கேட்டவருக்குச் சாப்பாடு ஆறிவிடும். மூன்று போன் வைத்திருந்தார். ஒன்றில் பேசுவார், இரண்டாவதைப் புகழ்வார், மூன்றாவதைத் திட்டுவார். எந்த விசைப்பலகையில் எந்த விசை தப்பான இடத்தில் இருக்கிறது, எந்தக் கைக்கடிகாரத்துக்கு மனிதனின் நாடித்துடிப்பை எண்ணும் தகுதி இல்லை, எல்லாம் விரல் நுனியில். கெட்ட மனிதர் இல்லை. ருசி தெரிந்தவர், அவ்வளவுதான். ருசி தெரிந்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது மற்றவர்களுக்குக் கொஞ்சம் சிரமம்.

முதல் நாளே டீச்சரிடம் கேட்டார்.

"இத்தனை வருஷமா எழுதுறீங்க டீச்சர். உங்களுக்கு எது நல்ல சிஸ்டம்?"

"டீ வந்துட்டு சார். ஆறிரும்."

மறு வாரம் இன்னொரு தடவை கேட்டார்.

"எல்லாரும் கேக்குறதுதான் டீச்சர். நீங்க ஒரு வார்த்தை சொன்னா எனக்கு ஒரு தெளிவு."

"போர்டைப் பாத்தீங்களா சார்?"

சுவரில் ஒரு வெள்ளைப் போர்டு இருந்தது. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடது பக்கத் தலைப்பு 'தோணுது'. வலது பக்கத் தலைப்பு 'பார்த்தேன்'. வேலை பற்றி யாருக்கு என்ன சொல்ல இருந்தாலும் இரண்டில் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்பது அங்கே வழக்கம். சாயங்காலம் ஆனதும் டீச்சர் இடது பக்கத்தைத் துடைத்துவிடுவார். வலது பக்கம் அப்படியே இருக்கும்.

வந்த ஐந்து மாதத்தில் தில்லைநாயகம் இடது பக்கத்தை நாள் தவறாமல் நிரப்பினார். வலது பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'முக்குக் கடையில் வெள்ளிக்கிழமை வாழைப்பூ வடை பிரமாதம்.' வேலைக்குச் சம்பந்தமில்லாத வரிதான். ஆனாலும் டீச்சர் அதைத் துடைக்கவில்லை. அவரே தின்று பார்த்து எழுதியதாயிற்றே.

ஊரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. அதன் ரத்த வங்கியில் பன்னிரண்டு வருடமாகப் பழைய புரோகிராம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. எண் விசைகளை அமுக்கித்தான் எதையும் பதிய வேண்டும். பதிந்தால் ஒரு தடவை பீப் என்று கத்தும். தப்பென்றால் இரண்டு தடவை கத்தும்.

அதைப் பார்த்ததும் தில்லைநாயகம் முகத்தைச் சுளித்தார். மூன்று மாதம் உட்கார்ந்து புதிதாக எழுதினார். வெள்ளைத் திரை, வட்ட வட்டமாகப் பட்டன்கள், விரலால் தொட்டால் போதும். சத்தத்தை அடியோடு எடுத்துவிட்டார். நாகரிகமான புரோகிராம் கோழிக்குஞ்சு மாதிரி கத்தாது என்பது அவர் கருத்து. அலுவலகத்து ஏசி அறையில் வைத்து எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். டீச்சரும் தொட்டுப் பார்த்தார். அழகாக இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

புதிய திரை ஆஸ்பத்திரிக்குப் போன மூன்று வாரத்தில் அங்கிருந்து கடிதம் வந்தது. ரத்த வங்கியில் வேலை முன்னைவிட மெதுவாகிவிட்டதாம். செவ்வாய்க்கிழமை பிரசவ வார்டுக்குப் போக வேண்டிய ரத்தப் பை இருபது நிமிடம் தாமதமாம். நல்லவேளையாகத் தாய் பிழைத்துக்கொண்டாள். கோளாறு இயந்திரத்திலா, ஆளிலா என்று எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஆளில் என்றால், அங்கே வேலை பார்க்கும் பேச்சியம்மாளைத் திங்கட்கிழமை முதல் சலவைப் பிரிவுக்கு மாற்றிவிடுவதாகவும் எழுதியிருந்தது.

தில்லைநாயகம் அரை மணி நேரத்தில் அறிக்கையைத் தயாரித்துவிட்டார். இயந்திரம் சரியாக இருக்கிறது, புரோகிராமில் ஒரு பிழையும் இல்லை என்று முதல் இரண்டு வரிகள். அதன் கீழே, 'காரணம்: போதிய பயிற்சி இல்லை. பெயர்: ப. பேச்சியம்மாள்.' அச்செடுத்து டீச்சர் மேஜையில் வைத்தார்.

டீச்சர் வாசித்தார். பேனாவை எடுத்தவர் மறுபடி கீழே வைத்தார்.

"சார், இந்த மூணாவது வரி போர்டுல எந்தப் பக்கம் வரும்?"

"வலது பக்கம்தான் டீச்சர். நானே மூணு தடவை டிரெயினிங் குடுத்திருக்கேன்."

"எங்க வச்சு?"

"இங்கதான். நம்ம ஏசி ரூம்ல."

டீச்சர் அந்தத் தாளை மேஜை டிராயரில் வைத்தார்.

"நாளைக்கு அங்க போய் உக்காருங்க சார். ஒரு நாள் முழுசும்."

"போய் இன்னொரு டிரெயினிங் குடுக்கவா?"

"ஒண்ணும் குடுக்க வேண்டாம். வாயைத் திறக்காம இருந்தாப் போதும்."

"இந்த ரிப்போர்ட் நாளன்னைக்குக் காலைல போயாகணுமே."

"போகும். நீங்க வந்த பொறவு போகும்."

வாயைத் திறக்காமல் ஒரு நாள் என்பது தில்லைநாயகத்துக்கு லேசான தண்டனை இல்லை. இருந்தாலும் மறுநாள் எட்டு மணிக்கெல்லாம் ரத்த வங்கியில் இருந்தார்.

பேச்சியம்மாள் நாற்பது வயதுக்காரர், ஒல்லியான உடம்பு. இவரைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மாறியது. "வாங்க சார்" என்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

ரத்தம் கேட்டு வார்டிலிருந்து முதல் சீட்டு வந்தது. பேச்சியம்மாள் குளிர்பெட்டியைத் திறந்து பையை எடுத்தார். பையின் மேலெல்லாம் நீர் வியர்த்திருந்தது. கையுறை நனைந்தது. திரையிடம் வந்து பட்டனைத் தொட்டார். திரை சும்மா இருந்தது. மறுபடி தொட்டார். பிறகு வலது கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டு, விரலைப் போட்டிருந்த மேல்கோட்டில் துடைத்துத் தொட்டார். திரை திறந்தது. புதுக் கையுறை மாட்டிக்கொண்டு பையிடம் போனார்.

தில்லைநாயகம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சீட்டுக்கும் அப்படியே. அதற்கடுத்த சீட்டுக்கும் அப்படியே. ரத்தத்தைச் சோதிக்கும் மேஜை அறையின் அந்தக் கோடியில் இருந்தது. பதிவாகிவிட்டதா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் வேலையை விட்டுவிட்டுத் திரைக்கு நடந்து வந்தார். பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். முன்பென்றால் அங்கே நின்றபடியே காதில் கேட்டிருக்கும். கோழிக்குஞ்சு எதற்குக் கத்தியது என்று தில்லைநாயகத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

பத்தரை மணிக்கு ஒரு சீட்டு ஓடி வந்தது. விபத்துக் கேஸ். அடுத்தடுத்து மூன்று பை வேண்டும். பேச்சியம்மாள் இரண்டு கையிலும் பைகளோடு திரைக்கு வந்தார். கையுறையைக் கழற்ற நேரமில்லை, பைகளைக் கீழே வைக்கவும் இடமில்லை. குனிந்தார். மூக்கு நுனியால் திரையைத் தொட்டார்.

பக்கத்துப் பட்டன் அமுங்கி, திரை முந்தைய பக்கத்துக்குப் போய்விட்டது. மறுபடி குனிந்தார். இந்தத் தடவை சரியாக அமுங்கியது.

தில்லைநாயகம் எழுந்துவிட்டார். பேசக் கூடாது என்பது நினைவுக்கு வந்து உட்கார்ந்தார். அந்த வட்டப் பட்டன்கள் ஒன்றோடொன்று எவ்வளவு நெருங்கி இருக்க வேண்டும் என்று நான்கு நாள் மெனக்கெட்டது அவர்தான். விரலுக்குப் பார்த்துப் பார்த்து வைத்தார். மூக்கை அவர் நினைக்கவில்லை.

மதியம் பேச்சியம்மாள் பக்கத்து அறையில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார். இவருக்கும் ஒரு மூடியில் புளிசாதம் வைத்துக் கொடுத்தார். மேஜைக்கு அடியில் பாலித்தீன் பையில் சுற்றியபடி பழைய விசைப்பலகை இருந்தது. ஐந்தாம் எண் தேய்ந்து வெறும் கட்டையாக இருந்தது.

வாயைத் திறக்கக் கூடாது என்ற விரதம் அங்கே முறிந்தது.

"இதை ஏன்மா வச்சிருக்கீங்க?"

"சும்மாதான் சார். தூக்கிப் போட மனசு வரல."

"கிளவுஸ் போட்டா ஸ்கிரீன் சரியா வரலைன்னு நீங்க எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

பேச்சியம்மாள் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"சொன்னேம்லா சார். ஒங்க டிரெயினிங்லயே கேட்டேன். ஈரக் கிளவுஸோட அமுக்கினா வருமான்னு. நீங்கதான், இது உலகத்துலயே நல்ல ஸ்கிரீன், பயப்படாதீங்கன்னு சொன்னீங்க."

தில்லைநாயகத்துக்கு அந்தக் கேள்வி நினைவில் இல்லை. தன் பதில் நினைவிருந்தது. அந்தத் திரையைப் பற்றி அன்று கால் மணி நேரம் பேசியதும் நினைவிருந்தது.

"அப்புறம் ஏன் மறுபடி சொல்லல?"

"ஒலகத்துலயே நல்லதுன்னா, அப்போ நம்ம கையிலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன். வீட்டுல பிள்ளை போனை வாங்கி அமுக்கி அமுக்கிப் பழகுனேன். வீட்டுல நல்லாத்தான் வருது." அவர் மூடியில் இன்னும் கொஞ்சம் சாதம் வைத்தார். "திங்கக்கெழமலேருந்து சலவைக்குப் போடப் போறாகன்னு சொல்லுதாங்க. நெசமா சார்?"

தில்லைநாயகம் குனிந்து மூடியில் இருந்த சாதத்தைப் பிசைந்தார்.

"துணி வெளுக்கதும் வேலைதான். கொறச்சல் ஒண்ணும் இல்ல. பதினாலு வருசம் இங்கயே இருந்துட்டேன் பாத்துக்கிடுங்க. ஒரு பையை எடுத்துக் குடுத்தா ஒரு உசுரு எந்திரிக்கும்லா. அதான் கொஞ்சம் சங்கடமா இருக்கு. செவ்வாக்கெழம அந்தப் பிள்ளைக்குப் பிந்திப் போச்சு. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல."

அதைக் கேட்டபின் தில்லைநாயகத்துக்கும் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அலுவலகம் திரும்பினார். டீச்சர் போர்டின் இடது பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று அதில் துடைக்க அதிகம் இல்லை.

தில்லைநாயகம் போனை நீட்டினார். பஸ்ஸில் வரும்போதே புதிய அறிக்கை எழுதியிருந்தார். தொடுதிரை ஆஸ்பத்திரிக்கு ஆகவே ஆகாது என்றும், விசைப்பலகையைப் போல உலகத்தில் ஒரு கருவி இல்லை என்றும் இரண்டு பக்கம்.

டீச்சர் வாசித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். கையில் இருந்த துடைப்பானை அவர் முன்னால் நீட்டினார்.

தில்லைநாயகம் புரிந்துகொண்டார். இரண்டு பக்கத்தையும் போனிலேயே அழித்தார். எழுதுகோலை எடுத்துக்கொண்டு போர்டின் வலது பக்கம் போனார். வாழைப்பூ வடைக்குக் கீழே எழுத ஆரம்பித்தார்.

'பை ஈரமாக இருக்கும். கையுறை நனையும். நனைந்தால் திரை கேட்காது.'

'இன்று மாலை நாலு மணி வரை ஐம்பத்திரண்டு தடவை கையுறை மாற்றினார்.'

'பதிவானது தெரிய நடந்து வர வேண்டும். சத்தத்தை எடுத்தது நான்.'

'அவசரத்துக்கு மூக்கால் தொடுகிறார்.'

அந்தக் கடைசி வரியை டீச்சர் இரண்டு தடவை வாசித்தார். பிறகு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஈரக் கிளவுஸ் பத்தி டிரெயினிங்லயே கேட்டிருக்காங்க டீச்சர்" என்றார் தில்லைநாயகம். "எனக்குக் காதுல விழல. நான் பேசிட்டு இருந்தேன்."

டீச்சர் தலையை ஆட்டினார்.

"நேத்து குடுத்த ரிப்போர்ட்டைத் தாங்க டீச்சர். கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதறேன்."

"எதுக்குக் கிழிக்கணும்?"

"காரணம்னு எழுதியிருக்கேனே. அது தப்பு."

"போதிய பயிற்சி இல்லைன்னு போட்டிருந்தீங்க. அது சரியாத்தான் சார் இருக்கு."

டீச்சர் மேஜை டிராயரைத் திறந்து அறிக்கையை எடுத்து அவர் முன்னால் வைத்தார். முதல் இரண்டு வரிகளும் அடிக்கப்பட்டிருந்தன. மூன்றாவது வரியில் கை வைக்கவில்லை. ப. பேச்சியம்மாள் என்ற பெயர் மட்டும் அடிக்கப்பட்டு, அதன் மேல் டீச்சரின் கையெழுத்தில், 'அ. ஜெசிந்தா' என்று எழுதியிருந்தது. மை காய்ந்து வெகு நேரமாகியிருந்தது.

"இதை எப்ப எழுதினீங்க?"

"காலைல, நீங்க அங்க போன பொறவு. அந்த ஏசி ரூம்ல நானும்தானே உக்காந்திருந்தேன்."

தில்லைநாயகம் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

டீச்சர் மூடியைக் கழற்றிவிட்டுப் பேனாவை அவர் பக்கம் உருட்டிவிட்டார்.

"என் பேருக்குக் கீழ இன்னும் எடம் இருக்கு சார்."