அதே மாத்திரை, தொடரவும்

தணிகைவேல் டாக்டராகி இருபது வருஷம். நாற்பத்தெட்டு வயதில்தான் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. ரத்த நோய்ப் பிரிவில் அவருக்கு வாய்த்த குரு மெஹருன்னிசா, ஒன்பது வயது இளையவர். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அன்றைக்கு வந்த வருத்தம் வேறு.

உப்பளத்தில் வேலை பார்க்கும் செபஸ்தியம்மாள் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ரத்தம் ஊறாமல் சாகக் கிடந்தவள். ஊர் ஆஸ்பத்திரியில் ஆண் ஹார்மோன் வகை ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து அவளை எழுப்பி உட்கார வைத்தவர் தணிகைவேல்தான். குரல் கட்டையாகிவிட்டது, மீசை அரும்பிவிட்டது. "மீசை வந்தா வந்துட்டுப் போகுது, உசுரு நிக்குதே" என்று சிரிப்பாள். இப்போது ஸ்கேனில், கல்லீரலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி.

"வருஷக்கணக்கா சாப்பிட்ட மாத்திரையால வந்தது மாதிரிதான் தெரியுது. நிறுத்திருவோம்," என்றார் மெஹருன்னிசா.

தணிகைவேலுக்கு ஒன்றும் ஓடவில்லை. நிறுத்தினால் ரத்தம் இறங்கும். தொடர்ந்தால் கட்டி வளரும். அட கடவுளே, எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கிறதே!

"ஒவ்வொரு தடவையும் ரத்தம் ஏறித்தானே இருந்துச்சு, மேடம்? நான் எங்க தப்புப் பண்ணினேன்?"

மெஹருன்னிசா செபஸ்தியம்மாளின் ஆஸ்பத்திரி நோட்டை வாங்கி அவரிடம் நீட்டினார்.

"கல்லீரலைப் பார்க்க வயித்துக்கு ஸ்கேன் எழுதின பக்கத்தைக் காட்டுங்க, சார்."

தணிகைவேல் புரட்டினார். 'ரத்தம் நன்று. அதே மாத்திரை, தொடரவும்.' அடுத்த பக்கமும் அதே. அதற்கடுத்ததும் அதே. எல்லாம் அவர் கையெழுத்துதான். நோட்டு தீர்ந்துவிட்டது.

செபஸ்தியம்மாள் மாத்திரை அட்டையை மடியோடு இறுக்கிக்கொண்டாள். "இதை நிறுத்தினா நான் செத்துருவேன் டாக்டரம்மா."

"ரத்தம் ஏத்துவோம். கட்டியையும் விடாம பார்ப்போம். சுருங்க வாய்ப்பிருக்கு. ஆனா உறுதியாச் சொல்ல மாட்டேன்."

அவள் தணிகைவேலைப் பார்த்தாள். அவர் மெல்லத் தலையாட்டினார். பிறகு அட்டையை அவர் கையிலேயே கொடுத்தாள்.

அவள் போன பிறகு கேட்டார்: "அப்போ இத்தனை நாள் நான் கொடுத்தது மருந்தா, விஷமா, மேடம்?"

"மருந்துதான் சார். விஷமா இருந்திருந்தா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுல்ல பார்த்திருப்பீங்க."